அருவருப்பு மணி

உலகத்தில் எத்தனையோ குழுக்கள் தோன்றியிருக்கின்றன, தேநீர் குடித்திருக்கின்றன, கலைந்திருக்கின்றன. ஆனால் மனித குலத்தின் மானம் கப்பலேறப் போகிற நேரம் பார்த்து, சனிக்கிழமை தவறாமல் அதன் காலைப் பிடித்துக் கீழே இழுத்த பெருமை ஒரே ஒரு குழுவுக்குத்தான் உண்டு. நகர வாசகசாலையின் மாடியறையில் கூடிவந்த 'அருவருப்பு அகற்றும் குழு'தான் அது. வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு எப்போதும் யுத்தங்கள்தான் முக்கியம்.

குழுவில் மூன்று பேர். உலகத்து அருவருப்பு மொத்தத்தையும் அவர்கள் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள்கூட சொத்தை அவ்வளவு சுமுகமாகப் பிரித்துக்கொள்ள மாட்டார்கள். சமூக அருவருப்பு, செயலாளர் வசம். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் அவர். மாடிப்படி விளக்கை மாற்றுகிற சாக்கில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் எரிந்துபோன விளக்கைவிட அவர் மாற்றிய விளக்குகள் அதிகம். ஒழுக்க அருவருப்பு, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வசம். அவர்தான் தலைவரும். விதி என்று ஒன்று எழுதிவிட்டால், அது தன் தலையிலேயே விழுந்தாலும் தலையை நகர்த்த மாட்டார். இலக்கிய அருவருப்பு, கவிஞர் வசம். அவருடைய கவிதைத் தொகுதிகளை அவரைத் தவிர வேறு யாரும் திறந்ததில்லை. ஆகவே அவை தூய்மை கெடாமல் இருந்தன.

ஆரம்ப காலத்தில் குழு எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. "படிச்சுட்டுக் கண்டிக்கிறது யாரால வேணும்னாலும் முடியும். படிக்காமலே கண்டிக்கணும்னா அதுக்குப் பண்பாடு வேணும்" என்பது ஹெட்மாஸ்டரின் கொள்கை. அட்டையைப் பார்ப்பார்கள். தலைப்பைப் பார்ப்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து "ச்சீ!" என்பார்கள். புத்தகம் இரும்பு அலமாரிக்குள் போகும். வேலை கடகடவென்று நடந்தது.

'இரவில் மலர்பவை' என்ற புத்தகத்தில்தான் சனி பிடித்தது. தலைப்பைக் கேட்டதுமே மூன்று பேருக்கும் உடம்பு கூசியது. அப்படியொரு ச்சீ அந்த அறையில் அதற்கு முன்பு ஒலித்ததில்லை. பத்திரிகைக்கும் செய்தி கொடுத்துவிட்டார்கள். மறுநாள்தான் தெரிந்தது, அது தொட்டியில் பூச்செடி வளர்ப்பது பற்றிய கையேடு என்று. செயலாளர் வீட்டு பால்கனியிலேயே அவருடைய மனைவி அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் நான்கு தொட்டி வைத்திருந்தாள். ஊர் சிரித்தது. செயலாளரின் மனைவியும் சிரித்தாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆகவே அவசரக் கூட்டம் கூடியது.

"இனிமே யாராவது ஒருத்தர் படிச்சுப் பாத்துடணும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"யாரு?" என்றார் கவிஞர்.

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் டக் டக் என்றது.

"நான் படிக்கலாம். ஆனா எனக்குக் கற்பனை ஜாஸ்தி. அவன் ஒரு வரி எழுதியிருந்தா எனக்குள்ள பத்து வரி ஓடும். ஆபத்து" என்றார் கவிஞர்.

"எனக்குக் கட்டடத்தைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு" என்றார் செயலாளர்.

"என் காலத்துல நான் புத்தகமே படிச்சதில்ல, பாடம் மட்டும்தான் நடத்தினேன்" என்றார் ஹெட்மாஸ்டர் பெருமையுடன்.

படித்தவர் கெட்டுப்போவார் என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை. அப்படியானால் ஒரு நல்ல ஆளைப் பிடித்துப் படிக்கச் சொல்வது பாவம். யோசித்து யோசித்து, கடைசியில் செயலாளர்தான் தொடையைத் தட்டினார்.

"முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு? ஏற்கெனவே கெட்டுப்போன ஆளா ஒருத்தரைப் பிடிப்போம். அவங்க இன்னும் கெட்டுப்போக என்ன இருக்கு? எங்க கட்டடத்துலயே மூணாவது மாடியில ஒருத்தங்க இருக்காங்க."

அந்த ஒருத்திதான் புரூஃப் அக்கா.

அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. அச்சகத்தை மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கெட்டுப்போன கதையும் பெரிய கதையல்ல. லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தாள். தாலி, மோதிரம், கையெழுத்து, சாட்சி எதுவும் கிடையாது. லிஃப்ட்காரருடைய முதல் மனைவி பல வருடங்களுக்கு முன்பே, "உன்னோட குப்பை கொட்ட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த நல்ல பாத்திரங்களோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான், தவழ்ந்துகொண்டிருந்தது. நீதிபதி மாறுவார். வக்கீலுக்குப் பல்வலி வரும். அதற்காக இரண்டு பேரும் பசியை ஒத்திவைக்க முடியுமா, காய்ச்சலை ஒத்திவைக்க முடியுமா? சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். இந்தக் கொடுமையைச் சமூகம் எப்படித்தான் பொறுத்துக்கொண்டதோ!

செயலாளர் நேரிலேயே போய்க் கதவைத் தட்டினார்.

"அக்கா, உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பான வேலையா?"

"தப்பைப் படிக்கிற வேலை. வாசகசாலையில. சம்பளம் உண்டு."

"எத்தனையோ பேர் படிச்சவங்க இருக்க, ஏங்க என்னைத் தேடி வந்தீங்க?"

"இல்ல... நீங்க வந்து... ஏற்கெனவே..." செயலாளர் கையைப் பிசைந்தார்.

"கெட்டுப்போனவ."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்வேனா! குழு பாஷையில 'இழக்க ஏதுமற்றவர்'."

கையிலிருந்த வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அச்சகம் மூடியதிலிருந்து வீட்டில் இழுபறி. ஊரே இத்தனை நாளாக இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது சம்பளம் தருகிறேன் என்கிறார்கள், வேண்டாம் என்பானேன்? அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

நியமனம் முறைப்படி நடந்தது. வாசகசாலை அறிவிப்புப் பலகையில், நூலகர், காவலாளி ஆகிய பெயர்களுக்குக் கீழே, "ஏற்கெனவே கெட்டுப்போனவர் (பகுதிநேரம்)" என்று வெள்ளை எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். பகுதிநேரம் என்பதை அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். மிச்ச நேரத்தில் தான் என்னவென்று கேட்கலாமா என்று நினைத்தாள். வம்பு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

வேலை முறையையும் ஹெட்மாஸ்டர்தான் வகுத்தார். தன் பள்ளிக்கூடத்து மேஜைமேல் இருந்த, தலையில் தட்டினால் 'டிங்' என்கிற பித்தளை மணியை ஓய்வு பெறும்போது நினைவாக எடுத்துவந்திருந்தார். அதை ஜன்னலோரச் சின்ன மேஜையில் வைத்தார். அக்கா அங்கே உட்கார்ந்து மனதுக்குள் படிக்க வேண்டும். குழு நடு மேஜையில் உட்கார்ந்து காத்திருக்கும். அருவருப்பு வந்ததும் அக்கா மணியைத் தட்ட வேண்டும். ஒரு மணி என்றால் முகம் சுளிக்கத் தக்கது. இரண்டு என்றால் காதைப் பொத்தத் தக்கது. மூன்று என்றால் ஊரை விட்டே ஒதுக்கத் தக்கது. மூன்று மணி வாங்கியது எதுவானாலும் அந்த நிமிடமே இரும்பு அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். சாவி ஹெட்மாஸ்டரின் சட்டைப் பையில். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் குழு ஒரே குரலில் "ச்சீ!" சொல்லும். படித்தது என்ன என்பதை மட்டும் அக்கா வாய் திறந்து சொல்லக் கூடாது. சொன்னால் குழுவும் கெட்டுப்போகும் அல்லவா?

வீட்டிலேயே படித்துவிட்டு வந்து சொன்னால் ஆகாதா என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். "அப்புறம் நாங்க எதுக்கும்மா?" என்றார் ஹெட்மாஸ்டர். நியாயம்தான்.

பழகப் பழக, ச்சீ அவர்களுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. மணி 'டிங்' என்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கவிஞர் ஒரு தடவை தூக்கத்திலிருந்தே சரியான நேரத்தில் சொன்னார். தேநீர் வாயில் இருக்கும்போதும் சொல்லக் கற்றுக்கொண்டார் செயலாளர். எதிரே உட்கார்ந்தவர்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு ஈ வந்தது. அக்கா அப்போது 'சிறு வணிகர்களுக்கான கணக்கெழுதும் முறை' என்ற புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஈ போய் மணிமேல் உட்கார்ந்தது. அக்கா அடித்தாள், அது தப்பித்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் ஈ செத்தது. நடு மேஜையில் மூன்று ச்சீ பிறந்தது.

"சார், சார், அது ஈ" என்றாள் அக்கா.

"எந்த ஈ?"

"மணி மேல உக்காந்த ஈ. புத்தகத்துல தப்பு ஒண்ணுமில்ல, வட்டிக் கணக்குதான் இருக்கு."

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "சொன்ன ச்சீ சொன்னதுதான். வாயிலேர்ந்து போனதைத் திரும்ப வாங்கினா எச்சில். விதியில இதைச் சேத்துக்குவோம். எழுதுங்க: சொல்லப்பட்ட ச்சீ எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது."

"ஒரு விதத்துல வட்டியும் அருவருப்புதானே" என்றார் கவிஞர், அனுபவத்தோடு.

கணக்குப் புத்தகம் அலமாரிக்குள் போனது.

கவிஞர் விஷயம் தனி. அவருடைய புதிய தொகுதியைத் தானே கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். நடுவில் இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். மணி அடிக்கவேயில்லை. கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவளை மறித்தார் கவிஞர்.

"என்னக்கா, ஒரு மணி கூடவா இல்ல?"

"தப்பா ஒண்ணும் இல்லீங்களே."

"நாப்பதாம் பக்கம் பாத்தீங்களா? நிலா வர்ற இடம்?"

"பாத்தேனே. நிலா வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"அக்கா, அது நிலா இல்லக்கா!"

"அப்படியா? எனக்கு நிலா மாதிரிதான் தெரிஞ்சுது."

கவிஞர் கண் கலங்கிவிட்டார். "நீங்க மூணு மணி அடிச்ச புத்தகத்தையெல்லாம் எதிர்ப் புத்தகக்கடைக்காரன் ரெண்டாம் பதிப்பு போட்டு வித்துக்கிட்டிருக்கான். அட்டையிலயே மூணு மணி படம் போடறான். எனக்கு ஒண்ணே ஒண்ணு, முகம் சுளிக்கத் தக்கதுன்னாவது அடிக்கக் கூடாதா? உங்க தம்பியா நினைச்சுக்கக் கூடாதா?"

"தம்பியா நினைச்சதாலதான் அடிக்கலை" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள்.

இப்படியாக ஊர் தூய்மையாகிக்கொண்டே வந்தபோது, குடியிருப்பில் வேறொரு புகைச்சல் கிளம்பியது. வாசகசாலைப் பலகையைப் பார்த்த சில குடித்தனக்காரர்கள் செயலாளரிடம் வந்தார்கள். இத்தனை நாள் அரசல் புரசலாகப் பேசிக்கொண்டிருந்தோம், இப்போது அதிகாரபூர்வமாகவே எழுதி ஒட்டிவிட்டார்களே, கெட்டுப்போனவர் என்று நிரூபணமான ஒருவர் நம் கட்டடத்தில் எப்படி இருக்கலாம் என்று கேட்டார்கள். ஒட்டியவரே செயலாளர்தான். ஆனால் ஒட்டியது குழு உறுப்பினர் என்ற ஹோதாவில். கட்டடத்தில் அவர் வேறு ஹோதா. ஆகவே மறுநாளே லிஃப்டுக்குள் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: "இது குடும்பங்களுக்கு மட்டுமான கட்டடம். மூன்றாம் மாடியில் குடும்பமல்லாமல் வசிக்கும் இருவர் மாத முடிவுக்குள் குடும்பமாக வேண்டும், அல்லது காலி செய்ய வேண்டும்."

அந்த லிஃப்டை அன்று காலையில்தான் லிஃப்ட்காரர் பழுது பார்த்து ஓட விட்டிருந்தார். முதல் ஆளாக ஏறி, அறிவிப்பைப் படித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

"குடும்பமாக மாட்டோம்னா சொன்னோம்? கோர்ட்டு விட்டாத்தானே?" என்றாள் அக்கா.

அக்காவுக்கு வீடு போவதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. ஒரு தடவை லிஃப்ட்காரர் வேலை செய்யும்போது லிஃப்ட் குழிக்குள் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உள்ளே விடாமல் ஒரு நர்ஸ் கேட்டாள்: "நீங்க அவருக்கு என்ன உறவு?" "தெரிஞ்சவங்க" என்றாள் அக்கா. தெரிந்தவர்களுக்கு வராந்தா பெஞ்சுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவர் வலியில் கத்துவது கேட்டது. போய்க் கையைப் பிடித்துக்கொள்ள அவள் யார்? அந்த 'தெரிஞ்சவங்க' என்ற சொல் அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

மாதம் முடியப் போகிற நேரத்தில் ஒரு நாள் லிஃப்ட்காரர் கையில் கிரீஸோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"முடிஞ்சுது."

"எது? வேலையா?"

"கேஸு. தீர்ப்பு வந்துடுச்சு. இனிமே நான் யாருக்கும் புருஷன் இல்ல." நிமிர்ந்து அவளைப் பார்த்து, "உனக்கு வேணும்னா சொல்லு, ஆளு காலியா இருக்கு" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. நல்ல சேதிக்கு எதற்கு அழுகிறோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. அவர் கிரீஸ் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துவைத்தாலும் போகாத கறை அது. போகாவிட்டால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் நேரம் கொடுத்தார்கள். ஒரே ஒரு தாள்தான் பாக்கி: குடியிருப்புச் சான்று. அதில் கட்டடச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமைதான் அவரைப் பார்க்கப் போகிறோமே, அங்கேயே வாங்கிவிடலாம் என்று அக்கா கிளம்பினாள். லிஃப்ட்காரரும் கூடவே வந்து வாசகசாலை மாடிப்படிக்குக் கீழே காத்து நின்றார்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். மூன்று பேரில் ஒருவராவது 'நல்லா இருங்க' என்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அவளுடைய நல்ல மனசு அப்படி.

"கல்யாணமா?" ஹெட்மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரைக் கேட்டும்மா?"

"அவரைக் கேட்டுத்தான்."

"எங்களைக் கேக்க வேணாமா? கல்யாணம் ஆயிட்டா நீங்க ஒழுக்கமானவங்க ஆயிடுவீங்களே!"

"ஆகக் கூடாதா சார்?"

"ஆகலாம், பொதுவா ஆகலாம். ஆனா பதவி இருக்கே! ஒரு குடும்பப் பெண் கையில அந்த மாதிரிப் புத்தகத்தைக் கொடுக்க எங்க மனசு எப்படி இடம் கொடுக்கும்?"

"இவ்வளவு வருஷம் கெட்டுப்போய் இருந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்னக்கா குறைஞ்சுடப் போகுது?" என்றார் கவிஞர். "சமூகத்துக்காக எத்தனை பேர் உயிரையே கொடுத்திருக்காங்க. உங்ககிட்ட உயிரையா கேக்கறோம்?"

அக்கா செயலாளர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே லிஃப்டுல ஒட்டினீங்க? கல்யாணம் பண்ணலைன்னா காலி பண்ணணும்னு?"

"அது சங்கச் செயலாளர்ங்கிற ஹோதாவுல. அந்த ஹோதாவுல இப்பவும் அதையேதான் சொல்றேன்."

"சரி, கையெழுத்துப் போடுங்க."

"அது எப்படி? இப்ப நான் குழு உறுப்பினர். இந்த ஹோதாவுல கல்யாணத்தை எதிர்க்கிறேன்."

"அப்ப கல்யாணம் பண்ணலைன்னா வீட்டை விட்டுப் போகணும். பண்ணவும் கூடாது. நாங்க எங்கதாங்க போறது?"

"அது உங்க தனிப்பட்ட விஷயம். அதுலயெல்லாம் நான் தலையிட மாட்டேன்."

ஹெட்மாஸ்டர் நியாயஸ்தர். மாற்று ஆள் கிடைத்தால் அக்காவை விட்டுவிடலாம் என்றார். கெட்டுப்போனவர்களுக்கா ஊரில் பஞ்சம்? தேடத் தொடங்கினார்கள்.

"செயலாளர் மச்சினனைக் கூப்பிடலாமே. அவருக்கு ரெண்டு வீடுன்னு..." என்றார் கவிஞர்.

"ரெண்டு இடத்துல பொறுப்பு இருக்குன்னு சொல்லுங்க. பொறுப்பான மனுஷன் அவர்" என்றார் செயலாளர். "நம்ம சாரோட தம்பி பொண்ணு, ராத்திரியோட ராத்திரியா யார் கூடவோ..."

"அவ வெளியூர்ல படிக்கறா!" என்றார் ஹெட்மாஸ்டர். "கவிஞரோட பெரியப்பாவை ஏன் விட்டுட்டீங்க?"

"பெரியப்பா ஓவியர். ஓவியர்களுக்கு அதுக்குப் பேரு அனுபவம்" என்றார் கவிஞர்.

விரல் மடக்கிப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது. ஊரில் யாரை எடுத்தாலும் மூவரில் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தார்கள். சொந்தக்காரர்கள் கெட்டுப்போவதில்லை, அவர்களுக்கு நேரம் சரியில்லாமல் போகிறது, அவ்வளவுதான். யாருக்கும் எந்த வகையிலும் உறவில்லாத, கேட்பார் நாதியற்ற கெட்டுப்போனவர் என்று பார்த்தால் புரூஃப் அக்கா ஒருத்திதான்.

"வேற வழியில்ல. தீர்மானம் போட்டுடுவோம்" என்றார் ஹெட்மாஸ்டர். தாளை எடுத்து எழுதினார். செயலாளர் இரண்டு இடத்தில் 'வன்மையாக' சேர்க்கச் சொன்னார். கவிஞர் ஒரு காற்புள்ளியை நீக்கினார். அதுவரை அக்கா ஜன்னலோரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்தில்லாத சான்றை மடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். லிஃப்ட்காரர் சைக்கிள் ஒன்றின்மேல் சாய்ந்து நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்காக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. கல்யாணம் திங்கட்கிழமைதானே, அதற்குள் என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தாள்.

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"நமது மதிப்பிற்குரிய ஏற்கெனவே கெட்டுப்போனவர் அவர்கள், சமூகத்தின் தூய்மையை முன்னிட்டு, தமது திருமண எண்ணத்தைக் காலவரையறையின்றி ஒத்திவைத்து, தற்போதைய நிலையிலேயே நீடிக்க வேண்டும் என இக்குழு வன்மையாகக் கேட்டுக்கொள்கிறது. அவர் அவ்வாறு நீடிப்பதற்கு உதவும் பொருட்டு, குடியிருப்புச் சான்றில் கையொப்பமிடுவதில்லை எனவும் தீர்மானிக்கிறது. மேலும், அவர் அவ்வாறு நீடிப்பதை இக்குழு தொடர்ந்து வன்மையாகக் கண்டிக்கும் எனவும்..."

அக்கா எத்தனையோ புத்தகங்கள் படித்தவள். அச்சகத்தில் படித்தாள், இங்கே படித்தாள். கொலை படித்தாள், கள்ளம் படித்தாள். எதைப் படித்தும் அவளுக்கு உடம்பு கூசியதில்லை. மணி அடித்ததெல்லாம் சம்பளத்துக்காக. இப்போதுதான் முதல் தடவையாகக் கூசியது. கை தானாகப் போயிற்று.

டிங். டிங். டிங்.

"ச்சீ! ச்சீ! ச்சீ!"

மூன்று பேரும் ஒரே குரலில், முழு மூச்சில் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் தீர்மானத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சொல்லி முடித்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கீழேயிருந்து லிஃப்ட்காரர் குரல் கொடுத்தார்: "என்னாச்சு? தெரு வரைக்கும் கேக்குது!"

"ஒண்ணுமில்லீங்க!" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் அக்கா. "ஒரு அசிங்கம் வந்துச்சு. சார் பூட்டி வைக்கப் போறாரு."

"அந்தம்மா வேணும்னே அடிச்சாங்க சார்!" செயலாளர் குதித்தார். "இது செல்லாது! வாபஸ் வாங்கணும்!"

ஹெட்மாஸ்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ பெரிய போராட்டம் நடந்தது. அதில் கடைசியில் விதி ஜெயித்தது.

"ஈ உக்காந்ததுக்கே நாம ச்சீயைத் திரும்ப வாங்கலை. மனுஷி அடிச்சதுக்கு வாங்கலாமா?" என்றார்.

தீர்மானத்தை நான்காக மடித்தார். இரும்பு அலமாரியைத் திறந்து, கணக்கெழுதும் முறைக்கும் இரவில் மலர்பவைக்கும் நடுவே அதைச் செருகிப் பூட்டினார். "தீர்மானம் ஊரை விட்டு ஒதுக்கப்பட்டுடுச்சு. இனிமே கையெழுத்தைத் தடுக்க ஆதாரம் எதுவும் இல்ல. போடுங்க."

"எந்த ஹோதாவுல சார் போடறது?" என்று அழாத குறையாகக் கேட்டார் செயலாளர்.

"பேனாவால போடுங்க" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "இவர் உங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"புருஷன்!" என்றாள் அக்கா.

"காது கேக்குதும்மா, மெதுவா சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. அக்கா இன்னொரு தடவை, அதே சத்தத்தில் சொன்னாள். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

குழு மனம் தளரவில்லை. இன்றும் சனிக்கிழமை தவறாமல் கூடுகிறது. சின்ன மேஜையில் மணி இருக்கிறது. அதன் பக்கம் யாரும் போவதில்லை, ஈ வந்தால்கூட மூன்று பேரும் எழுந்து நின்று விரட்டுகிறார்கள். வாசகசாலைப் பலகையில், "ஏற்கெனவே கெட்டுப்போனவர் தேவை, பகுதிநேரம்" என்ற விளம்பரம் வெயிலில் வெளிறிப்போய்த் தொங்குகிறது. இவ்வளவு பெரிய ஊரில் தகுதியான ஆள் ஒருவர்கூட அகப்படவில்லையே என்று மூவரும் மனம் நொந்து பேசிக்கொள்கிறார்கள். அகப்படாமல் என்ன? மூன்று பேர் வாரா வாரம் அந்த அறைக்கே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். விண்ணப்பம் போடத்தான் இன்னும் மனசு வரவில்லை.